அறிஞர் அம்பேத்கரும் இயந்திர நாகரிகமும்

நீராவியும் மின்சாரமும் மனிதனுக்கு ஏவல் செய்யத் தொடங்கிய நாள் முதலாக, அறிஞர்தம் உள்ளத்தே ஒரு வினா எழுந்தவண்ணம் இருக்கின்றது. விஞ்ஞானமும் கைத்தொழிலும் ஒரு நாட்டில் வளருமாயின், அந்நாட்டு மக்களிடையே உள்ள உயர்வு தாழ்வுகள் தாமே நீங்குமோ, அன்றி மேலும் பெருகுமோ என்பதே அவ்வினா. நூலகத்தில் அமர்ந்து ஆராய்வார்க்கு மட்டும் உரிய பொருள் இதுவென்று எண்ணற்க. சென்னையினின்றும் பெங்களூர் நோக்கிச் செல்லும் பெருவழியில், திருப்பெரும்புதூருக்கு மேற்கேயுள்ள சுங்குவார்சத்திரத்தைக் கண்டோர் இவ்வினாவின் கடுமையை எளிதில் உணர்வர். வழிநடப்போர் தங்கி இளைப்பாறும் சத்திரத்தைத் தன் பெயரிலே தாங்கிய அவ்வூர், இன்று இரவும் பகலும் உறங்காத தொழிற்சாலைகளின் நடுவே நிற்கின்றது. இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை மோட்டார் வண்டிகளும், கைப்பேசிகளும், குளிர்சாதனப் பெட்டிகளும் உருவாகின்றன. அங்கே பொறியியல் வல்லுநரும் உளர். ஒப்பந்தக் கூலிக்குத் தரை துடைப்போரும் உளர். ஒரே கூரையின்கீழ் உழைக்கும் இவர்களிடையே இத்துணை வேற்றுமை எங்ஙனம் உண்டாயிற்று? அஃது இயந்திரத்தின் செயலா, மனிதர் வகுத்த ஏற்பாட்டின் விளைவா?

இவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்து, ஆராய்ந்தவாறே சட்டமும் திட்டமும் வகுக்க முயன்ற பெரியார் ஒருவர் நம் நாட்டில் தோன்றினார். அவரே டாக்டர் அம்பேத்கர். தாழ்த்தப்பட்டோரின் தலைவராகவும், இந்திய அரசியலமைப்பை வரைந்த குழுவின் தலைவராகவும் அவரை யாவரும் அறிவர். ஆயின், 1942 முதல் 1946 வரை நான்கு ஆண்டுகள் இந்திய அரசாங்கத்தின் தொழிலாளர் இலாகாவை ஏற்று, மின்சாரம், நீர்ப்பாசனம், சுரங்கம், தொழிற்பயிற்சி ஆகியவற்றுக்கு வழிவகுத்த அம்பேத்கரை அறிந்தோர் மிகச் சிலரே. அப்பகுதியைச் சிறப்பாக எடுத்து அவர்தம் வாழ்க்கையை ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுகின்றேன்.

இளமையும் கல்வியும்

பீமராவ் ராம்ஜி அம்பேத்கர் 1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், மத்திய இந்தியாவிலுள்ள மோவ் என்னும் படைநகரில் பிறந்தார். தந்தையார் ராம்ஜி சக்பால் இராணுவத்தில் சுபேதார் பதவி வகித்தவர், தாயார் பீமாபாய். பெற்றோர்க்கு இவர் 14-ஆம் மகவு. தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்ட மகார் குலத்திற் பிறந்தமையால், பள்ளியிற் பிற சிறுவரோடு ஒருங்கிருக்கும் உரிமை இவருக்கு இல்லாதிருந்தது. வீட்டினின்றும் கொணர்ந்த சாக்குத் துண்டில் தனியே அமர்ந்து பாடங்கேட்டார். தாகம் எடுப்பின் பள்ளிச் சேவகன் வந்து மேலிருந்து நீர் வார்த்தல் வேண்டும். அச்சேவகன் வாராத நாளில் நீரும் இல்லை. சம்ஸ்கிருதம் பயில விரும்பியும் அஃது இவருக்கு மறுக்கப்பட்டது. ஆகவே பாரசீகம் பயின்றார்.

இத்துணை இடர்களுக்கிடையே 1907-இல் பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து மெட்ரிகுலேஷன் தேறினார். அந்நாளில் இவரைக் கண்டு அன்பு பாராட்டியவருள் கேளுஸ்கர் என்னும் ஆசிரியர் ஒருவர். அவர் பம்பாயில் ஸ்காத்லாந்து மிஷனைச் சார்ந்த வில்சன் பள்ளியில் பணியாற்றியவர். மிஷன் கல்லூரியிற் பயிலும் நாம் இச்செய்தியை மகிழ்ந்து நினைவு கூரலாம். ஏழை மாணவனொருவன் பூங்காவில் அமர்ந்து படித்தலைக் கண்ட அவ்வாசிரியர், பின்னர் அவனைப் பரோடா மன்னர் சயாஜிராவ் கெயிக்வாட் அவர்களிடம் அழைத்துச் சென்றார். மன்னர் அளித்த உபகாரச் சம்பளத்தால் அம்பேத்கர் 1912-இல் பி.ஏ. தேறினார், 1913-இல் அமெரிக்கா சென்று நியூயார்க்கிலுள்ள கொலம்பியா சர்வகலாசாலையிற் சேர்ந்தார், 1915-இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். பின்னர் இலண்டன் சென்று பொருளாதாரமும் சட்டமும் பயின்றார். 1923-இல் இலண்டன் சர்வகலாசாலை அவருக்கு டி.எஸ்ஸி. பட்டம் வழங்கியது.

இடையே 1917-இல் அவர் பரோடா சமஸ்தான வேலைக்கு வந்தபோது நிகழ்ந்தது மறக்கற்பாலதன்று. கடல் கடந்து கற்றுத் திரும்பிய அப்பேரறிஞருக்கு அந்நகரில் தங்க ஓர் அறை கிடைத்திலது. அலுவலகத்திலோ, கீழ்நிலைச் சேவகரும் அவரைத் தொட அஞ்சிக் காகிதக் கட்டுகளை மேசைமேல் எறிந்து சென்றனர். கல்வி ஒருவனை உயர்த்தும். ஆயின் அவனை ஏற்கச் சமூகம் கதவைத் திறந்தாலன்றி அவ்வுயர்வு பயன்படாது என்பதை அவர் தம் மேனியிற் பட்ட தழும்பாக உணர்ந்தார்.

நிலமும் பஞ்சாலையும்

1918-ஆம் ஆண்டு அவர் இந்தியாவின் சிறு நிலங்களைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். நிலம் துண்டு துண்டாகச் சிதறுவதே உழவர் வறுமைக்குக் காரணம் என்றும், துண்டுகளை ஒன்று சேர்ப்பின் துன்பம் தீரும் என்றும் அக்காலப் பொருளாதாரிகள் பலர் கூறிவந்தனர். அம்பேத்கர் நோயின் வேரை வேறிடத்தே கண்டார். நிலம் தாங்கக்கூடிய அளவினும் மிக்க மக்கள் அதனையே பற்றி நிற்கின்றனர். வேறு தொழில் இன்மையால் அவர்தம் உழைப்பு வீணாகின்றது. கைத்தொழில்கள் வளர்ந்து அம்மக்களை ஈர்த்துக் கொண்டாலன்றி நிலச் சீர்திருத்தம் மட்டும் பயன் தராது என்பது அவர் முடிபு. நிலமற்ற கூலியாட்களாகவே பெரும்பாலும் வாழ்ந்த தாழ்த்தப்பட்டோர்க்கு, ஊரைவிட்டு வெளியேறி ஆலையிற் புகுதல் ஒருவகை விடுதலை என்றும் அவர் கருதினார்.

ஆயினும் ஆலையிலும் சாதி முன்னரே புகுந்து அமர்ந்திருந்தது. பம்பாய்ப் பஞ்சாலைகளில் நெசவுப் பகுதியிற் கூலி மிகுதி. நூற்புப் பகுதியிற் குறைவு. தாழ்த்தப்பட்டோர் நூற்புப் பகுதியில் உழைக்கலாம். நெசவுப் பகுதியில் அவர்கள் நுழைதற்கில்லை. காரணம் யாது? ஊடைநூல் அறுந்தாலும் தீர்ந்தாலும், நெசவாளன் நாடாவின் துளையில் வாய்வைத்து நூல்நுனியை உறிஞ்சி இழுத்தல் அந்நாள் வழக்கம். தாழ்த்தப்பட்டான் ஒருவன் வாய்பட்ட நாடாவைத் தாம் தொடுதல் தகாது என்று ஏனைத் தொழிலாளர் மறுத்தனர். இங்கிலாந்திலிருந்து வந்த தறி, சாதி இன்னதென்று அறியாதது. அதனை இயக்கிய கைகளே அதற்குச் சாதியைக் கற்பித்தன. 1928-ஆம் ஆண்டுப் பெரு வேலைநிறுத்தத்தின்போது, இத்தடையை நீக்கும் கோரிக்கையையும் ஏற்க வேண்டும் என்று அம்பேத்கர் தொழிற்சங்கத் தலைவரை வற்புறுத்தினார். அவர்கள் தயங்கித் தயங்கியே இசைந்தனர். ஆலை முதலாளிகளோ, இத்தடையைத் தாம் விதிக்கவில்லை என்று கூறித் தம் பொறுப்பைத் தட்டிக் கழித்தனர்.

இந்நிகழ்ச்சியை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். புதுத் தொழில் ஒன்று நாட்டிற்கு வருதல் வேறு. அதனிடத்தே உயர்ந்த வேலைக்குச் செல்லும் வழி யாவர்க்கும் திறந்திருத்தல் வேறு. பின்னது அரசும் சட்டமும் சங்கமும் முயன்றாலன்றித் தானே உண்டாவதில்லை. அம்பேத்கர் பிற்காலத்தில் வகுத்த திட்டங்கள் அனைத்திற்கும் இவ்வுண்மையே அடிப்படை எனலாம்.

இயந்திரத்தைப் பற்றிய கொள்கை

1936-இல் அவர் சுதந்திரத் தொழிலாளர் கட்சியை நிறுவினார்; மறு ஆண்டு நிகழ்ந்த தேர்தலில் அக்கட்சி பம்பாய்ச் சட்டசபையில் இடம் பெற்றது. தொழிலாளரின் வேலைநிறுத்த உரிமையைக் கட்டுப்படுத்தும் மசோதா 1938-இல் வந்தபோது, அவர் பொதுவுடைமைக் கட்சியினரோடும் சேர்ந்து நவம்பர் 7-ஆம் நாள் பம்பாயில் ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தினார். கொள்கையால் வேறுபட்டோரோடும் தொழிலாளர் நலங்கருதி ஒன்றுபட அவர் தயங்கவில்லை.

அக்காலத்தே காந்தியடிகள் இயந்திரப் பெருக்கத்தை ஐயுற்று, கைராட்டையையும் கிராமக் கைத்தொழிலையும் போற்றியது யாவரும் அறிந்ததே. ஆலை நாகரிகம் மனிதனை அடிமையாக்கும் என்ற அப்பெரியாரின் அச்சம் பொருளற்றதன்று. அம்பேத்கர் இதற்கு மாறான கருத்தினர். 1945-இல் வெளியிட்ட நூலொன்றில் அவர் தம் கருத்தை விரித்துரைத்தார். இயந்திரத்தால் விளைந்தனவாகக் கூறப்படும் தீமைகள் மெய்யே. ஆயின் அவற்றிற்குக் காரணம் இயந்திரமன்று. அதன் பயனைச் சிலரே கைக்கொள்ளுமாறு அமைந்த சமூக ஒழுங்கே காரணம் என்றார். உடலை வருத்தும் உழைப்பினின்றும் ஓய்வு பெற்றாலன்றி மனிதன் கல்வியும் கலையும் பெறான். அவ்வோய்வை ஏழைக்கும் அளிக்க வல்லது இயந்திரம் ஒன்றே என்பது அவர் துணிபு. தலைமுறை தலைமுறையாகச் சுமை சுமந்த குலத்திற் பிறந்தவர்க்கு, சுமையைத் தாங்க வந்த கருவியின்மேற் பகை தோன்றாமை இயல்பேயன்றோ?

தொழிலாளர் இலாகாவில்

1942-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அம்பேத்கர் இராஜப்பிரதிநிதியின் நிர்வாக சபையில் தொழிலாளர் இலாகாவின் உறுப்பினராக நியமனம் பெற்றார். அடுத்த மாதமே வெள்ளையனே வெளியேறு இயக்கம் தொடங்கியது. நாட்டுத் தலைவர் பலர் சிறையிலிருக்க, இவர் ஆங்கில அரசாங்கத்திற் பதவி வகித்தமை குறித்துப் பலர் அன்றும் குறை கூறினர்; இன்றும் கூறுவர். தாம் பெற்ற பதவியைக் கொண்டு அவர் செய்தது யாது என்பதே ஈண்டு நாம் ஆராய்தற்குரியது.

முதலாவது, கல்வி. பதவியேற்ற சில மாதங்களில், 1942 அக்டோபரில், அவர் தாழ்த்தப்பட்டோர் குறைகளைத் தொகுத்து இராஜப்பிரதிநிதிக்கு ஒரு விண்ணப்பம் அளித்தார். கலைப்பாடமும் சட்டமும் பயின்றோரால் அச்சமூகத்திற்குப் பெரும்பயன் விளையாது, விஞ்ஞானத்திலும் தொழில்நுட்பத்திலும் உயர்கல்வி பெற்றாலன்றி அவர்கள் தலைநிமிர்தல் இயலாது, அக்கல்வியோ பெருஞ்செலவுடையது, ஆதலின் அரசாங்கமே உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் படிக்க உபகாரச் சம்பளம் தரல் வேண்டும் என்று வாதித்தார். அரசாங்க அச்சகங்களிலும் இரயில்வே பட்டறைகளிலும் அவர்கள் தொழில் பழக இடம் கேட்டார். இம்முயற்சியின் பயனாக, 1944 முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டொன்றிற்கு மூன்று இலட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. மெட்ரிகுலேஷனுக்கு மேற்பட்ட படிப்பிற்கு இன்று தாழ்த்தப்பட்ட மாணவர்க்கு வழங்கப்படும் உதவித்தொகையின் தொடக்கம் அதுவே. ஒரு மன்னர் அளித்த உதவியால் தாம் கற்றார்; அவ்வுதவி ஒருவர்தம் கருணையாக நில்லாது அரசின் கடமையாதல் வேண்டும் என்று உழைத்தார். நம் வகுப்பறைகளில் அவ்வுதவியாற் படிப்போர் தம்மைக் கடனாளராகக் கருதி நாணுதல் வேண்டா.

இரண்டாவது, மின்சாரமும் நீரும். 1943 அக்டோபரில் மின்சார அபிவிருத்தி பற்றிய குழுவின் கூட்டத்திற்கு அவர் தலைமை வகித்தார். மலிவாகவும் ஏராளமாகவும் மின்சாரம் கிடைத்தாலன்றி இந்தியாவிற் கைத்தொழில் வளராது. கைத்தொழில் வளர்ந்தாலன்றி மக்கள் வறுமைச் சுழலினின்றும் மீளார் என்பது அவர் வாதம். அத்துணை இன்றியமையாத பொருள் இலாபம் ஒன்றையே கருதுவோர் கையில் இருத்தல் தகுமோ என்பதையும் அவர் கூட்டத்தார் முன் வைத்தார். 1944-இல் மத்திய மின்சாரத் தொழில்நுட்பக் குழுவும், 1945-இல் மத்திய நீர்வழி, பாசன, கப்பற்போக்குவரத்துக் கமிஷனும் நிறுவப்பட்டன. 1943-இல் வங்காளத்தில் பெருஞ்சேதம் விளைத்த தாமோதர நதியை அடக்கி, அதனின்று மின்சாரமும் பாசனமும் பெறும் திட்டம், அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்குத் திட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு அவர் காலத்தில் உருவாயிற்று. 1948-இல் அதற்குச் சட்டம் பிறந்தது. அணைகள் எழுந்தபோது பல ஊர்கள் நீரில் மூழ்கின. அவற்றில் வாழ்ந்த பழங்குடி மக்கள் உள்ளிட்ட பலர் இடம் பெயர்ந்தனர். நன்மை பயக்கும் திட்டத்திலும் அதன் பாரத்தைச் சுமப்பவர் யார் என்று கேட்டல் இன்றியமையாதது என்பதற்கு அதுவும் ஒரு சான்றாகும்.

மூன்றாவது, தொழிலாளர் உடலும் உயிரும். போர்க்காலத்தே நிலக்கரி தட்டுப்பட்டமையால், சுரங்கத்தினுள் பெண்கள் இறங்கி உழைத்தலைத் தடுத்திருந்த விதி 1943-இல் தளர்த்தப்பட்டது. அம்பேத்கர் தாமே சட்டசபையில் அதற்கு விடையிறுக்க நேர்ந்தது. கண்டனங்களும் மிக எழுந்தன. பெண்களுக்கும் ஆண்களுக்கு நிகரான கூலி அளிக்கப்படுதலை அவர் எடுத்துக் காட்டினார். எனினும் அவர் வாழ்வில் இஃது ஒரு நிழலாகவே நிற்கின்றது. 1946 பிப்ரவரியில் தடை மீண்டும் நிலைநாட்டப்பட்டது. சுரங்கத்திற் பணிபுரியும் தாய்மார்க்குப் பேறுகால உதவி அளிக்கும் சட்டத்தை அவர் திருத்தி விரித்தார். நோயுற்ற தொழிலாளர்க்கு உதவும் காப்புத் திட்டம் ஒன்றை வகுக்குமாறு 1943-இல் பேராசிரியர் அதார்க்கர் நியமனம் பெற்றார். அதன் பயனாக 1948-இல் சட்டம் வந்தது. அதுவே இன்று ஒவ்வொரு ஆலைத் தொழிலாளியும் ஈ.எஸ்.ஐ. என்று வழங்கும் ஏற்பாடு.

நான்காவது, வேலை நேரம். அதுவரை ஆலைகளில் வாரத்திற்கு 54 மணி நேரம் வேலை வாங்கலாம் என்று சட்டம் இருந்தது. 1946-இல் அவர் கொணர்ந்த திருத்தத்தால் அது 48 மணியாகக் குறைந்தது. ஆறு மணி நேரம் சிறிதென்று எண்ணுவோர், நின்றபடியே உழைக்கும் ஒருவனிடம் அதன் அளவைக் கேட்டறிக. அரசாங்கமும் முதலாளிகளும் தொழிலாளரும் ஒரே மேசையைச் சூழ்ந்து அமர்ந்து பேசும் முத்தரப்பு மாநாடும் 1942-இல் அவர் தலைமையிற் கூடியது.

ஐந்தாவது, சங்க உரிமை. 1926-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளர் சங்கத்தைப் பதிவு செய்ய இடமிருந்தது. ஆனால் அச்சங்கத்தோடு பேச வேண்டிய கட்டாயம் முதலாளிக்கு இல்லாதிருந்தது. தகுதியுள்ள சங்கத்தை முதலாளி ஏற்றே தீரல் வேண்டும் என்னும் மசோதாவை அம்பேத்கர் 1943 நவம்பரில் சபையில் வைத்தார். எதிர்ப்புப் பலமாயிருந்தது. அவர் பதவி நீங்கிய பின்னர், 1947-இல் அது சட்டமாக நிறைவேறியது. நிறைவேறியும் என்ன பயன்? அச்சட்டத்தை நடைமுறைக்குக் கொணரும் உத்தரவு என்றுமே பிறக்கவில்லை. ஏட்டளவில் நின்ற அச்சட்டத்தைப் பிற்காலத்தார் மறந்தே போயினர்.

அரசியலமைப்பும் இறுதிக் காலமும்

1946-இல் அவர் அப்பதவியினின்றும் நீங்கினார். அவ்வாண்டிலேயே அவர் நிறுவிய மக்கள் கல்விக் கழகத்தின் சார்பில் பம்பாயில் சித்தார்த்தர் கல்லூரி தொடங்கியது. நாடு விடுதலை பெற்றபின் முதல் சட்ட மந்திரியாகி, 1947 ஆகஸ்டில் அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைமையை ஏற்றார். தீண்டாமை ஒழிந்தது என்று அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு கூறுகின்றது. சங்கம் அமைக்கும் உரிமையும் அதன்கண் இடம் பெற்றது. ஆயினும் 1949 நவம்பரில் தம் பணி முடிவுறும் வேளையில் அவர் அரசியல் நிர்ணய சபையை எச்சரித்தார். வாக்கில் யாவரும் சமமாயினும், பொருளிலும் சமூகத்திலும் ஏற்றத்தாழ்வு நீடிக்குமாயின், அதனால் துன்புறுவோர் இவ்வமைப்பையே தகர்த்துவிடுவர் என்பது அவ்வெச்சரிக்கையின் சாரம். 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்த சமயம் தழுவினார். அவ்வாண்டு டிசம்பர் 6-ஆம் நாள் தில்லியில் இயற்கை எய்தினார்.

நமக்குரிய பாடம்

அம்பேத்கர் வரலாற்றை மனத்திற்கொண்டு இனிச் சுங்குவார்சத்திரத்தை மீண்டும் நோக்குவோம். அவர் விரும்பியவாறே கைத்தொழில் வந்துவிட்டது. உழவை மட்டும் நம்பியிருந்த பகுதியில் மாதச் சம்பளம் புகுந்தது. கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வீட்டைவிட்டு வந்து நுண்ணிய கருவிகளைக் கோக்கின்றனர். அவர்கள் தங்குவதற்கென்று வல்லம் வடகாலில் 18,720 பேர்க்கு இடமுள்ள விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இவை யாவும் நன்மையே.

ஆயினும் அவர் கேட்ட வினாக்கள் இன்னும் மறையவில்லை. 2021 டிசம்பரில், விடுதி உணவால் தோழியர் நோயுற்றமை பொறாது, பெண் தொழிலாளர் பெருந்திரளாக வந்து இந்நெடுஞ்சாலையில் இரவெல்லாம் அமர்ந்தனர். தம் குறையைச் சொல்ல வேறொரு வாயில் அவர்கட்கு இருந்திருப்பின், சாலையை நாடியிரார். 2023 ஏப்ரல் 21-ஆம் நாள், நாளொன்றிற்கு 12 மணி நேரம் வேலை வாங்க இடந்தரும் திருத்த மசோதா தமிழ்நாட்டுச் சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால், தொழிலாளர் திருநாளாகிய மே முதல் நாள் அது திரும்பப் பெறப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். 2024 செப்டம்பர் 9-ஆம் நாள் தொடங்கி, சுங்குவார்சத்திரத்திலுள்ள சாம்சங் தொழிற்சாலைத் தொழிலாளர் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். தம் சங்கத்தைப் பதிவு செய்து ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர்தம் முதன்மையான கோரிக்கை. சங்கப் பதிவு 2025 ஜனவரியில் கிடைத்தது. 1943-இல் அம்பேத்கர் சபையில் வைத்த மசோதாவின் பொருளும் இவர்கள் கேட்ட பொருளும் ஏறத்தாழ ஒன்றே. இடையே கழிந்த ஆண்டுகள் 81.

விஞ்ஞானக் கொள்கை என்றவுடன் ஆராய்ச்சிக்கூடமும் விண்கலமும் நம் நினைவிற்கு வருகின்றன. அம்பேத்கர் வாழ்க்கையோ அச்சொல்லின் பொருளை விரிவாக்குகின்றது. அவ்வியந்திரத்தின் நுட்பத்தைக் கற்கும் வாய்ப்பு யார்க்கு உண்டு? அதனருகே ஒருவன் எத்துணை நேரம் நிற்க வேண்டும்? அதனால் வரும் செல்வத்தில் அவனுக்குப் பங்கு என்ன? அவன் தன் தோழரோடு கூடிப் பேசின் அவன் சொல் கேட்கப்படுமா? இவற்றிற்கு விடை கூறாத தொழிற்கொள்கை, பழைய ஏற்றத்தாழ்வைப் புதிய கட்டடத்திற் குடியேற்றுவதாகவே முடியும்.

இவ்வினாக்களை ஆலைகளை நோக்கி மட்டும் எழுப்பி நாம் அமைதியடைதற்கில்லை. கடவுளின் முன் யாவரும் சமம் என்று போதிக்கும் நம் திருச்சபைகளிலும், சாதியால் இருக்கையும் கல்லறையும் பிரிந்து நின்ற வரலாறு உண்டு. அது முற்றும் ஒழிந்தது என்று நெஞ்சறியச் சொல்ல இயலாது. சென்ற நூற்றாண்டுகளில் மிஷன் பள்ளிகள் எவர்க்கும் கதவு திறந்து பெரும்பணி ஆற்றின. அக்கதவு இன்றும் அகலத் திறந்துள்ளதா என்று ஆண்டுதோறும் வினவிக் கொள்ளுதல், அப்பணியை மெய்யாகவே போற்றுவதாகும்.

அன்புள்ள மாணவத் தோழர்காள்! நம்மிற் சிலர் நாளை அவ்வாலைகளிற் பொறியியலாளராவர். சிலர் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் அலுவலர் ஆவர். சிலர் அரசாங்கப் பதவி பெற்றுச் சட்டத்தின் சொற்களை எழுதுவர். வேறு சிலர் அங்கேயே சீருடை அணிந்து வரிசையில் நின்று உழைப்பர். எங்கு நிற்பினும், நாடாவை ஒருவன் கைக்கு எட்டாதவாறு தடுத்தோரின் பக்கம் நில்லாது, அவன் தறியருகே வர வழிவிட்டோரின் பக்கம் நிற்போமாக. அரசாங்கப் பேரேட்டிற் செயலற்றுக் கிடந்த சட்டத்தைப் போல, அவ்வறிஞரின் எண்ணங்களும் நூலகத்து அலமாரியிற் கிடந்து ஒழியாவண்ணம் காத்தல் கற்றார்தம் கடமையாகும்.